கடைசி சைக்கிளின் கை

கிழிந்த சத்தம் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில், காலைத் தூக்கிச் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் போட்டபோது பின்னால் 'டர்'ரென்று ஒரு சின்னச் சத்தம். கையை மெல்லக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். துணி இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது.

புதுக் கால்சட்டை. சைக்கிள்காரர்கள் போடும், உடம்போடு ஒட்டிக்கொள்ளும் கறுப்புத் துணி. "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்க சார்" என்று கடைப் பையன் சொல்லத்தான் சொன்னான். "என் சைஸ் எனக்குத் தெரியாதா தம்பி?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு வந்தார் கண்ணாடிக்காரர். அந்தக் கால்சட்டைக்குள் வேறு எதுவும் போடக் கூடாது, போட்டால் தொடை புண்ணாகும் என்று சைக்கிள்காரர்கள் சொல்வார்கள். அதையும் அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்.

ஆக, உள்ளே வேறு எதுவும் இல்லை.

"என்ன வாலு, கிளம்பலாமா?" முன்னாலிருந்து கேப்டன் குரல் கொடுத்தார்.

"போங்க போங்க, வந்துட்டேன்."

கண்ணாடிக்காரர் பகலில் கண் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். பேக்கரித் தெரு முனையில் கடை. வருகிறவர்கள் "டாக்டர்" என்று கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை, ஆனால் ஒருநாளும் திருத்தியதும் இல்லை. கடையைச் சாத்திய பிறகு வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி, ஊருக்கு வெளியே கால்வாயை ஒட்டிப் போகும் சாலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுவார். பகலில் அந்தச் சாலையில் கால் வைக்க முடியாது. ராத்திரியில் லாரியும் வேனும் எப்போதாவதுதான்.

கூட்டம் என்றால் ஐந்தே பேர். முன்னால் போகிறவர் கேப்டன். தொழில் வக்கீல், வாயும் அப்படியே. அவருக்குப் பின்னால் பல் டாக்டர். அடுத்து 'பெட்ரோல்', பெட்ரோல் பங்க்கில் மேனேஜராக இருந்துகொண்டு சைக்கிளில் போவதால் அந்தப் பெயர். அடுத்தது மச்சான், கண்ணாடிக்காரரின் மனைவிக்குத் தம்பி, சலூனில் முடி வெட்டுகிறவன். கடைசியில் கண்ணாடிக்காரர். கடைசியில் வருகிறவருக்கு 'வால்' என்று பெயர். வாலுக்கு ஒரு பொறுப்பு உண்டு, அதுதான் அந்தக் கூட்டத்தின் சட்டம்.

பின்னால் ஒரு வண்டி வந்து முந்த வழியில்லாமல் தவித்தால், வால் முதலில் "பின்னால வண்டி!" என்று கத்த வேண்டும். அது ஒவ்வொரு வாயாக முன்னால் போகும். முன்னால் சாலை காலியாக இருந்தால் கேப்டன் "காலி!" என்பார். அது வாய் வாயாகத் திரும்பி வரும். அது காதில் விழுந்த பிறகுதான் வால் கையை நீட்டி, முன்னால் தள்ளுவது போல இரண்டு தரம் வீச வேண்டும். போகலாம் என்று அர்த்தம். எதிரே ஏதாவது வந்தால் உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டி அசையாமல் பிடிக்க வேண்டும். பொறு என்று அர்த்தம்.

"டிரைவருக்கு நம்ம கைதான் கண்ணு" என்பார் கேப்டன். "ஒருதரம் ஏமாத்திட்டோம்னா அப்புறம் எவனும் நம்மள மதிக்க மாட்டான்."

அன்றைக்கு வால் மெதுவாகவே மிதித்தார். வாலாக இருப்பதில் ஒரு நிம்மதி, பின்னால் யாரும் இல்லை. குளிர் காற்று மட்டும் அவ்வப்போது நினைவூட்டியது.

அப்போதுதான் பின்னால் வெளிச்சம் வந்தது.

ஒரு வேன். ஹாரன் அடிக்கவில்லை, உறுமவில்லை. நல்ல இடைவெளி விட்டு, சைக்கிளின் வேகத்திலேயே ஊர்ந்து வந்தது. வெளிச்சம் கண்ணாடிக்காரரின் முதுகைத் தாண்டி, முன்னால் சாலையில் அவர் நிழலைத் தென்னை உயரத்துக்கு நீட்டிப் போட்டது. முன்னால் இவ்வளவு தெரிந்தால் பின்னால் எவ்வளவு தெரியும்?

சட்டென்று வெளிச்சம் தணிந்தது. டிரைவர் டிம் பண்ணியிருந்தான். முன்பு தலைக்கு மேல் போன வெளிச்சம் இப்போது கீழே இறங்கி, நேராக சீட்டில் வந்து உட்கார்ந்தது.

'படுபாவி! நல்லாப் பாக்கறதுக்குத்தான் டிம் பண்றான்.'

வேனுக்குள் ரேடியோவோ என்னவோ, யாரோ சிரிப்பது போலக் கேட்டது. கண்ணாடிக்காரரின் காது மடல் சுட்டது. சீட்டை விட்டு எழுந்தால் இன்னும் மோசம். உட்கார்ந்தே மிதித்தார், மூச்சு வாங்கியது. முன்னால் போனவர்கள் தூரமாகிவிட்டார்கள். மச்சான் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான்.

"மாமா! முடியலையா?"

"நீ போடா! நான் வர்றேன்!"

"இருங்க, சேர்ந்தே போலாம்."

போக மாட்டேன் என்கிறானே! இன்னும் கொஞ்சம் பின்தங்கினான் என்றால் இவனும் பார்ப்பான். நாளைக்கு சலூனில் கத்தரிக்கோலோடு சேர்ந்து இந்தக் கதையும் ஓடும். வீட்டில் அக்காவிடம் நடித்தே காட்டுவான்.

முன்னால் சாலை கால்வாய்ப் பாலத்துக்கு ஏறியது. ஏற்றத்துக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று இங்கிருந்து தெரியாது. அது தெரிய வேண்டியது கேப்டனுக்கு. அவர் அப்போதே மேட்டைத் தொட்டு எதையோ கத்தினார். என்ன கத்தினார் என்பது கண்ணாடிக்காரர் வரைக்கும் வரவில்லை. வரும்வரை காத்திருக்கவும் அவருக்குப் பொறுமை இல்லை. அந்த வெளிச்சம் தொலைந்தால் போதும்.

கையை நீட்டி இரண்டு தரம் வீசினார். போ.

வேன் உடனே கிளம்பவில்லை. ஒரு கணம் யோசித்தது போல இருந்தது. அவர் மூன்றாவது தரமும் வீசினார், கோபமாக.

வேன் உறுமிக்கொண்டு அவரைத் தாண்டியது. அப்பாடா என்று இருட்டு வந்து போர்த்திக்கொண்டது. அந்த நிம்மதி பாதி மூச்சுக்குக்கூட நிலைக்கவில்லை. பாலத்து மேட்டில் எதிரே ஒரு காரின் வெளிச்சம் குபீரென்று எழும்பியது.

பிரேக். டயர் கிறீச்சிட்டது. வேன் காருக்கு வழிவிட்டுச் சாலையோரத்துக்குப் பாய்ந்தது. அந்த ஓரத்தில்தான், மாமாவுக்காக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தான் மச்சான்.

வேனின் பக்கக் கண்ணாடி அவன் தோளில் பட்ட சத்தம் பெரிதாக இல்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சைக்கிள் மோதிய சத்தம்தான் பெரிது.

கார் நிற்காமல் போய்விட்டது. வேன் டிரைவர் நிறுத்திவிட்டு ஓடி வந்தான். நடுவயது, மாவு படிந்த நீலச் சட்டை. வேனின் பக்கவாட்டில் ரொட்டிப் படம், பேக்கரி வண்டி. மச்சான் தரையில் சாய்ந்து கிடந்தான். நினைவு இருந்தது, வலது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

கேப்டன் திரும்பி வந்து சைக்கிளை வீசிவிட்டு டிரைவரின் சட்டையைப் பிடித்தார். "கண்ணு தெரியலையாடா? பாலத்து மேல முந்துவியா? நான் 'வண்டி வருது'ன்னு கத்துறேன், நீ பாட்டுக்கு ஏறி வர்ற!"

"சார், சத்தியமா சார், அந்த சார்தான் போகச் சொன்னாரு! கடைசி சைக்கிள் சார்! கையை வீசினாரு!"

எல்லாரும் திரும்பினார்கள். பல் டாக்டர், பெட்ரோல், தரையில் கிடந்தபடியே மச்சானும்.

கண்ணாடிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்பக்கத்தில் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பூச்சிக்காகக் கட்டியிருந்த துணி மூக்குவரை முகத்தை மூடியிருந்தது. ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, 'காலி கேட்காம ஏன் காட்டினே?' அதற்குப் பதில் ஹெல்மெட்டுக்குப் பின்னால் இருந்தது.

"நான் நில்லுன்னுதான் காட்டினேன்" என்றார்.

துணிக்குள்ளிருந்து வந்ததால் யாரோ பேசியது போலவே இருந்தது.

டிரைவர் அவரைப் பார்த்தான். கோபமாக இல்லை. தெரிந்த தெருவில் வழி தவறியவன் மாதிரி பார்த்தான்.

மச்சானுக்குத் தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. தகடு வைத்து ஸ்குரூ போட்டார்கள். "கையைத் தலைக்கு மேல தூக்க மாசக்கணக்காகும்" என்றார் எலும்பு டாக்டர். முடி வெட்டுகிறவன் கையைத் தூக்காமல் என்ன வெட்டுவது? தனியாக இருக்கிற பையன் என்பதால் அக்கா வீட்டுக்கே கூட்டிவந்து ஹாலில் கட்டில் போட்டார்கள்.

கண்ணாடிக்காரரின் மனைவிக்கு போன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. காதில் மைக்கை மாட்டிக்கொண்டு நாள் பூராவும் ஊர்ப் பொய்களைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவள். அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் துவைக்கப் போட்டதில் அந்தக் கால்சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஜன்னல் வச்சுத் தச்சிருக்கு?"

"தம்பியைத் தூக்கறப்போ குனிஞ்சேன். கிழிஞ்சிருச்சு."

அவள் கண் கலங்கியது. "அவனுக்காகக் கிழிஞ்சதுதானே, போகட்டும்" என்று ஊசி நூலை எடுத்துத் தைத்து, மடித்து, பீரோவில் வைத்தாள். கண்ணாடிக்காரர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, குளிக்காமல் நின்றார்.

அதற்குப் பிறகு பொய்க்கு அவர் சோறு போட வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களே ஊட்டி வளர்த்தார்கள். கேப்டனின் ஹெல்மெட்டில் ஒரு கேமரா உண்டு. அது முன்பக்கம் மட்டும்தான் பார்க்கும். ஆனால் சத்தம் கேட்டு அவர் திரும்பியபோது, வேன் குறுக்கே பாய்வது அதில் பளிச்சென்று விழுந்திருந்தது. அதை ஸ்டேஷனில் கொடுத்தார். "நம்ம வாலு நில்லுன்னு கை காட்டியும் ஏறி வந்திருக்கான். இவன் லைசென்ஸைப் பிடுங்காம விட மாட்டேன்" என்றார். பல் டாக்டர் கண்ணாடிக்காரரின் தோளைத் தட்டினார். பெட்ரோல், "உங்க மேலயே பழியைப் போடப் பார்த்தானே, என்ன நெஞ்சழுத்தம்!" என்றார். இன்ஸ்பெக்டரம்மா கேட்டபோதும் கண்ணாடிக்காரர் அதையே சொன்னார். இரண்டாம் தரம் சொல்லும்போது குரல் சுத்தமாக வந்தது. அதுதான் அவருக்கே பயமாக இருந்தது.

ஒரு வாரம் போனது.

கடையில் கூட்டம் இல்லாத மதியம். கதவைத் தள்ளிக்கொண்டு மாவு படிந்த நீலச் சட்டை உள்ளே வந்தது.

கண்ணாடிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஓடவும் வழியில்லை, கடைக்கு ஒரே கதவு. பேக்கரி முதலாளி தன் டிரைவர்களை எப்போதும் இங்கேதான் கண் சோதனைக்கு அனுப்புவார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"டாக்டர் சார், முதலாளி அனுப்பினாரு."

அவனுக்கு அடையாளம் தெரியவில்லை! கண்ணாடிக்காரர் வெள்ளைக் கோட்டில் இருந்தார், வாயில் சோதனை நேரத்து மாஸ்க். அன்றைக்கும் முகம் மூடித்தான் இருந்தது.

"உக்காருங்க" என்றார், குரலைத் தணித்து.

"ஒரு ஆக்சிடெண்ட் ஆகிப்போச்சு சார். நான் ஒண்ணைப் பாத்தேன். எல்லாரும் அப்படி நடக்கவே இல்லைங்கறாங்க." டிரைவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "முதலாளி சொல்லிட்டாரு. கண்ணு கோளாறா இருந்தா வண்டியை விட்டுட்டு மாவு பிசையப் போ. கண்ணு நல்லா இருந்தா நீ பொய் சொல்றேன்னு அர்த்தம், வேலையை விட்டே போ."

கண்ணாடிக்காரர் ஒரு கண்ணை மூடச் சொல்லி எழுத்துப் பலகையைக் காட்டினார். மேல் வரியிலிருந்து கடைசி வரிவரை கடகடவென்று படித்தான். மறு கண்ணிலும் அப்படியே.

"அதுக்குக் கீழ பொடியா ஒரு அச்சகத்துப் பேரு இருக்கு சார். அதையும் படிக்கவா?"

இத்தனை வருஷத்தில் அந்தப் பலகையில் அச்சகத்தின் பெயர் இருப்பதை எவனும் சொன்னதில்லை.

"ராத்திரிப் பார்வை பாக்கணும்" என்று விளக்கை அணைத்தார். கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம். அறையின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டு கையைத் தூக்கினார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கையை நீட்டி இரண்டு தரம் வீசினார்.

"என் கை என்ன பண்ணுது?"

"வீசுது சார். போகச் சொல்றீங்க." நாற்காலியிலிருந்து குரல் தெளிவாக வந்தது. பிறகு கொஞ்சம் தாழ்ந்தது. "அன்னிக்கும் இப்படியேதான் சார் தெரிஞ்சுது."

கண் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இவனுக்கு வேலை போகும். கோளாறு என்றால் மாவு பிசையவாவது இடம் இருக்கும். பாவம், பிழைத்துப் போகட்டுமே. அந்த இருட்டில் அது இரக்கம் மாதிரியே இருந்தது. இரக்கத்தின் முதுகுக்குப் பின்னால் ஹெல்மெட்டை மறைத்துக்கொண்டு யார் நிற்கிறார்கள் என்று அவர் பார்க்கவில்லை.

"இல்லையே" என்றார். "நான் நில்லுன்னுல்ல காட்டினேன்."

நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்ப... நெசமாவே கண்ணுதானா சார்?"

விளக்கைப் போட்டபோது டிரைவர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிக்கப் பார்த்தான்.

"பரவாயில்லை சார். நான் பொய் சொல்லலைன்னு ஆச்சு. கண்ணுதான் என்கிட்ட பொய் சொல்லியிருக்கு. அந்த சாரைப் போய்ப் பொய்யன்னு நினைச்சுட்டேனே, மன்னிப்புக் கேக்கணும்."

கும்பிட்டுவிட்டு, வெளியே வெயிலில் கைப்பிடிக் கம்பியைத் தடவித் தடவிப் படி இறங்கினான். ஒரு எழுத்து விடாமல் படித்த கண்.

அன்று கண்ணாடிக்காரர் கடையைச் சாத்திவிட்டு நேரே வீட்டுக்குப் போகவில்லை. தெருத் தெருவாக நடந்தார். வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியபோது ஹாலில் பேச்சுக் குரல். மூன்றாவதாக ஒரு ஆண் குரல். கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"நிக்கிறேன் தம்பி, பரவாயில்லை. சலூன்லதான் சொன்னாங்க, நீங்க அக்கா வீட்ல இருக்கீங்கன்னு. கொஞ்சம் ரொட்டி கொண்டாந்தேன்."

"பெரிய மனசுதாங்க உங்களுக்கு" என்றாள் மனைவி. குரலில் குத்தல். "இத்தனை நாள் இல்லாம இன்னிக்கு என்ன?"

"இன்னிக்குத்தாங்க கண்ணை சோதிச்சாங்க. இருட்டுல எனக்குக் கை சரியாத் தெரியலையாம். நில்லுன்னு காட்டுனா போன்னு தெரியுதாம். டாக்டரே சொல்லிட்டாரு."

"எந்த டாக்டர்?"

"பேக்கரித் தெரு முனைக் கடைங்க."

"அட, நம்ம மாமா கடை!" மச்சான் சிரித்தே விட்டான். சிரித்ததும் தோள் வலித்து "ஸ்ஸ்" என்றான்.

மனைவி சிரிக்கவில்லை. புகார் மேஜைக் குரலுக்கு மாறினாள். "அன்னிக்கு நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க. அவசரமில்லை."

"சொல்றதுக்கு என்னங்க இருக்கு? இவங்க தண்ணி குடிச்சுட்டுக் கிளம்புனதைத் தூரத்துல இருந்தே பாத்தேன், அப்புறம் பின்னாலயே வந்தேன். ஹாரன்கூட அடிக்கலை. கடைசி சைக்கிள் சார்தான் பாவம்..." டிரைவர் தயங்கினான். "சொல்லக் கூடாது. அவருக்குக் கால்சட்டை பின்னால கிழிஞ்சிருந்துச்சுங்க. வெளிச்சம் பட்டா கூச்சப்படுவாரேன்னுதான் தள்ளியே வந்தேன். லைட்டைக்கூட டிம் பண்ணினேன்."

கண்ணாடிக்காரரின் கையிலிருந்த செருப்பு கனத்தது.

"எப்பங்க கிழிஞ்சிருந்துச்சு? தம்பி விழுந்த அப்புறமா?"

"இல்லீங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே."

இப்போதுகூடப் போய்விடலாம். ஒரு கால் செருப்பில் இருக்கிறது, கதவு திறந்தே இருக்கிறது.

"என்னங்க," மனைவி குரலை உயர்த்தாமல் கூப்பிட்டாள், "சாவிச் சத்தம் அப்பவே கேட்டுச்சு. உள்ள வாங்க."

போனார், ஒற்றைச் செருப்போடு, கழுத்தில் தொங்கிய கடை மாஸ்க்கோடு.

"டாக்டர் சார்!" டிரைவர் திகைத்து ஒரு அடி பின்வாங்கினான். பிறகு எதுவும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

மனைவி எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவள் வேலையில் கற்றுக்கொண்டது. கேட்காமல் இருந்தால் எதிராளி பேசியே தீருவான்.

"உங்க கண்ணு நல்லா இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர், டிரைவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. "கடைசி சைக்கிள் நான்தான். அன்னிக்குப் போன்னுதான் காட்டினேன். 'காலி'ன்னு குரல் வரலை, வராமலே காட்டினேன். வெளிச்சம் என் பின்னால அடிச்சுது, கூச்சமா இருந்துச்சு. இன்னிக்குக் கடையிலயும் போன்னுதான் காட்டினேன்."

டிரைவர் கையால் ஒரு கண்ணை மூடினான். எதிர்ச்சுவர் காலண்டரில் இருந்த பொடி எழுத்தை உதட்டுக்குள் படித்தான். மறு கண்ணை மூடிப் படித்தான். பிறகுதான் அவரைப் பார்த்தான்.

"சாயங்காலம் என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வந்தேன் சார்" என்றான். சத்தமே போடவில்லை. "ரோட்டைக் கடக்கணும். எனக்குத் தைரியம் வரலை. பக்கத்துல போன ஒரு அம்மாகிட்ட, என் பொண்ணு கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் விட்டுடுங்கன்னு குடுத்தேன். அவ என்னையே திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போனா."

அடித்திருக்கலாம். கண்ணாடிக்காரர் அதற்காகத்தான் காத்திருந்தார். டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டு, ரொட்டிப் பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். இந்த முறை படியில் கம்பியைத் தடவவில்லை.

மச்சான் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"திட்டிடுறா" என்றார்.

"கிழிஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் மழைக்கோட்டைக் கழட்டிக் குடுத்திருப்பேனே மாமா. இடுப்புல கட்டியிருக்கலாமே." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான். தோள் விடவில்லை. அதனால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

மனைவி உள்ளே போய், மடித்து வைத்திருந்த கால்சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அவள் போட்ட தையல் மேலே தெரிந்தது, பொடிப்பொடியாக, நெருக்கமாக.

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகும்போது இதையும் எடுத்துட்டுப் போங்க. கேப்பாங்க."

கேட்டார்கள். இன்ஸ்பெக்டரம்மா முதலில் கண்டிப்பாகத்தான் கேட்டார். கால்சட்டை மேஜைக்கு வந்ததும் அடக்க முடியாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே இருந்த காவலரையும் கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்ல வைத்தார். பிறகு முகம் மாறியது. "சிரிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. பொய் வாக்குமூலத்துக்கு உங்க மேலயும் கேஸ் உண்டு. அந்த ஆளு ஒரு வாரமா இந்த வாசல்ல வந்து உக்காந்து, 'எனக்கு அப்படித்தாம்மா தெரிஞ்சுது'ன்னு சொல்லிட்டுப் போவாரு. நாங்க யாரும் நம்பலை."

கேப்டனும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். வக்கீல் வாய் முதல் தடவையாக மூடியிருந்தது. வெளியே வந்ததும், "விளக்கு, பிரேக், காத்து, எல்லாம் பார்த்துட்டுத்தான்யா கிளம்புறோம்" என்றார். "இதை எங்க போய்ப் பாக்கறது?" பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கூட்டத்துக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை. எப்போது கிளம்புகிறோம் என்றும் சொல்லவில்லை.

டிரைவருக்கு வேன் திரும்பக் கிடைத்தது. பேக்கரி முதலாளி தன் ஆட்களைக் கண் சோதனைக்கு வேறு கடைக்கு அனுப்ப ஆரம்பித்தார். "டாக்டர்" என்று யாராவது கூப்பிட்டால் கண்ணாடிக்காரர் இப்போது திருத்துகிறார். அவர்களுக்கு அது தேவையே இல்லை; ஆனாலும் திருத்துகிறார்.

மழைக்காலம் முடிந்த ஒரு ராத்திரி, தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்ச் சாலைக்குப் போனார். பழைய தொளதொளக் கால்சட்டை. பாலத்துக்கு முன்னால் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. ஹாரன் இல்லை, உறுமல் இல்லை. நல்ல இடைவெளி விட்டு ஊர்ந்து வந்தது. திரும்பிப் பார்க்காமலே அது எந்த வண்டி என்று தெரிந்தது.

பாலத்து மேடு ஏறும்வரை பொறுத்தார். மேட்டில் நின்று பார்த்தார். முன்னால் சாலை கண்ணுக்கெட்டிய தூரம் வெறிச்சென்று கிடந்தது. உண்மையாகவே காலி. கையை நீட்டி இரண்டு தரம் வீசினார்.

வேன் முந்தவில்லை.

இன்னும் கொஞ்ச தூரம் மிதித்து மறுபடி வீசினார். வேன் அதே இடைவெளியில் அப்படியே வந்தது. அந்தக் கையை நம்பி ஒரு அடி முன்னால் வருவதாக இல்லை.

கடைசியில் அவர்தான் இறங்கினார். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சாலையை விட்டு ஓரத்துச் சேற்றில், கணுக்கால் முழுக, வெளிச்சத்தில் நின்றார். வேன் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், மறுபடி முன்னால் பார்த்தான். தன் கண்ணால் பார்த்துக்கொண்ட பிறகு மெல்ல நகர்த்தினான்.

அவரைத் தாண்டும்போது, பழக்கதோஷமோ என்னவோ, விளக்கை டிம் பண்ணினான்.